ரீடிங் எடுக்க வருமுன்

சிக்கனம் என்றதும் பல வீடுகளில் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். பிள்ளைகளின் பாலையும் பழத்தையும் குறைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அதற்கு முன் தலைக்கு மேலே சுற்றும் விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு விசிறியிலேயே 32 யூனிட் மிச்சம்.

தமிழ்நாட்டில் இந்த 32 யூனிட் சாதாரணமில்லை. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் குறைந்த விலையும் கைநழுவிவிடும். 501 ஆனாலே பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும்! ஆகவே கணக்கெடுப்புக்கு ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் மாத முடிவில் மீட்டரைப் பார்த்து, பழைய ரீடிங்கைக் கழியுங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால், ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து விசிறியையும் சேர்த்து ஓடவிடுங்கள். எல்லா விசிறியையும் ஒரேயடியாக மாற்றக் கடன் வாங்க வேண்டாம். இரவு முழுக்க ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள், கூடத்து விசிறி அடுத்த போனஸுக்கு.