கூத்துத் திடலும் கூடத்துப் பெட்டியும்



சம்புவராயர் தலைநகராய் விளங்கிய படவேடு, சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் தெருக்கூத்தைப் பார்த்திருப்பீர்கள். முடி மின்ன மன்னன் ஆடுவான். அருகே கட்டியக்காரன் நிற்பான். பாரதக் கதையின் நடுவே, பட்டா மாற்றக் கைநீட்டும் அலுவலரையும், போட்ட மறுமாதமே பல்லிளிக்கும் சாலையையும் இழுத்து வந்து நிறுத்துவான். ஊர் சிரிக்கும். இலக்கானவரும் அந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருப்பார். எழுந்து போகவும் இயலாது, சேர்ந்து சிரிக்கவும் இயலாது!

அத்தகைய சிரிப்புக்கு ஆள்வோர் அஞ்சினர். நடப்பு அரசியலை மேடையிலேயே நையாண்டி செய்த எம்.ஆர்.இராதாவின் நாடகங்களுக்கு மக்கள் திரண்ட காலத்தில்தான், 1954இல், சென்னை இராச்சியத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அதன் பிரிவுகள் செல்லாவென உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 ஆயிற்று.

ஆனால் 1989இல் நடந்ததென்ன? ஜஸ்பால் பட்டியின் 'ஃபிளாப் ஷோ' அரசு அலுவலகத்தின் பொய்ப் பட்டியல்களையும் ஒப்பந்தக்காரரின் புரட்டையும் கிழித்தது. அதை ஒளிபரப்பியது எது? அரசின் சொந்தத் தூர்தர்ஷன்! 2001இல் 'ஆபீஸ் ஆபீஸ்' வந்தது. ஓய்வூதியம் கேட்கப்போன முசத்திலாலிடம், "ஏட்டின்படி நீர் இறந்துவிட்டீர்" என்றார்கள். நாடே நகைத்தது, கைநீட்டியவர்களும் தத்தம் வீட்டில் நகைத்திருப்பார்கள்.

திடலில் சிரித்தவனுக்குச் சட்டம். கூடத்தில் சிரித்தவனுக்கு ஒளிபரப்பு. ஏன்? திடலில் சிரித்தவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான், 'உனக்குமா?' என்று கேட்டான். பெட்டிமுன் சிரித்தவன் விளக்கணைத்துப் படுத்தான், காலையில் காசை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகம் போனான். பட்டியைக் குறைகூறவில்லை நான். 2012இல் மறைந்த அந்தப் பொறியாளர் சண்டிகரில் 'நான்சென்ஸ் கிளப்' அமைத்து வீதியில் நின்றவர். பெட்டிக்குப் போனது அவர் பணி. பெட்டியோடு நின்றது நம் பிழை.

அக்டோபர் 2இல் கிராமசபை கூடும். வரவுசெலவு படிப்பார்கள், வழக்கம்போல் நாற்காலிகள் காலியாய்க் கிடக்கலாம். பத்துப் பேர் போய் அமருங்கள். "அந்தச் சாலை எந்தத் தெருவில் இருக்கிறது, ஐயா?" என்று ஒருவர் கேட்கட்டும். கட்டியக்காரன் குரலிலேயே கேட்கட்டும், கூட்டம் சிரிக்கட்டும்! விடை வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவருக்கு இந்த ஞாயிறே எழுதிக் கொடுங்கள்.