பெட்டி அறிந்து வாட் கொடு!



நம்ம மாவட்டத்தில் மைக் செட் இல்லாத மாதம் உண்டா? டிசம்பர் பிறந்தால் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், அதோடு ஊர் ஊராகக் கிறிஸ்துமஸ் கேரல், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. கேரல் குழுவில் கிதார் பிடித்துப் பழகிய விரல்கள் நம் வகுப்பில் மட்டும் நான்கைந்து இருக்கின்றன. இத்தனை சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த நாம், அதிலும் ஈ.சி.ஈ. படிக்கிற நாம், போன கலைவிழாவில் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கோபப்பட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அன்றைக்கு நடந்தது என்ன?

மைக் செட் அண்ணாச்சி இரண்டு பெட்டி கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் '400 வாட், 8 ஓம்' என்று ஸ்டிக்கர். அவருடைய ஆம்ப் சின்னது. "இது போதும் மக்கா, கூட்டிக் குடுத்தா பெட்டி தாங்காது, கேட்டியளா?" என்றார். நாம் கேட்டோமா? 300 வாட் ஆம்ப் ஒன்றை வேறு இடத்தில் இரவல் வாங்கி வந்து மாட்டினோம். "ரெண்டு பெட்டி 800 வாட், ஆம்ப் வெறும் 300. பிறகு என்ன பயம்?" என்று கணக்கும் சொன்னோம். கிதாருக்கு டிஸ்டார்ஷன் பெடல். மூன்றாவது பாட்டில் கருகல் வாடை. ஒரு பெட்டி ஊமையாகிவிட்டது.

"சவம் எரிஞ்சு போச்சு மக்கா" என்றார் அண்ணாச்சி. வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நாம் என்ன செய்தோம்? 'ஓட்டைப் பெட்டி கொண்டு வந்தார்' என்று பேசி, அவர் வாடகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டோம்!

ஸ்டிக்கரில் ஒளிந்திருந்த கணக்கு

அந்த 400 வாட் என்பது 'பீக்', அதாவது கண நேரம் மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு பொதுவாக அதில் கால் பங்குதான். 400 என்றால் உண்மையில் 100. அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 100 என்றும் போட்டிருந்தது; நாம் பெரிய எழுத்தை மட்டும் படித்தோம். (பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போடுகிறார்களே, அதற்குப் பொதுவான ஓர் அளவுமுறையே கிடையாது. அதை நம்பி எதையும் இணைக்கக் கூடாது.)

இப்போது கணக்கைப் போடுங்கள். 8 ஓம் பெட்டி இரண்டு இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். 4 ஓமில் ஆம்ப் 300 வாட் தரும், பெட்டிக்கு 150. தாங்குவதோ 100! அதோடு முடியவில்லை. வால்யூமை முட்டத் திருப்பி 'கிளிப்' ஆக்கினால் சைன் அலை சதுர அலையாகத் தட்டையாகிறது. உச்ச வோல்டேஜ் அதேதான், ஆனால் சக்தி இரண்டு மடங்கு. முதலாம் ஆண்டு பாடமே போதும்: 8 ஓமில் 100 வாட் சைன் அலைக்கு உச்சம் 40 வோல்ட், அதே 40 வோல்ட் சதுர அலைக்கு 1600 வகுத்தல் 8, ஆக 200 வாட். அப்படியென்றால் நம் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 300 வாட் பக்கம் போயிருக்கும். ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் சத்தமாகிறது. மீதி முழுக்க வாய்ஸ் காயிலில் சூடு. எரியாமல் என்ன செய்யும்?

கிதாருக்கு வேறு நியாயம்

பேச்சும் சாதாரணப் பாட்டும் ஏறி இறங்கும். இடையிடையே காயில் ஆறிக்கொள்ளும். கவனமான ஆள் கையில் இருந்தால், பெட்டியின் தொடர் அளவைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு ஆம்ப்கூடப் போடலாம். ஆனால் டிஸ்டார்ஷன் போட்ட கிதார் ஏறினால் இறங்குவதே இல்லை. ஆகவே அங்கே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: பெட்டி, ஆம்பைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும்.

1965-இல் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்காக ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்தபோது, அதற்கு 12 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டியும் செய்தார். சுமக்க முடியவில்லை என்று பிறகு நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினார்கள். 25 வாட் ஸ்பீக்கர் எட்டு இருந்தால் மொத்தம் 200. ஆம்புக்குச் சரியாக இரண்டு மடங்கு!

"அப்படியானால் சத்தம் பத்தாதே!" என்பீர்கள். பத்தும். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியின் உணர்திறன் எத்தனை டெசிபல் என்று யாராவது கேட்டோமா? 94 டெசிபல் பெட்டியில் 400 வாட் தரும் சத்தத்தை 100 டெசிபல் பெட்டி 100 வாட்டிலேயே தந்துவிடும். அந்த 100 வாட், திறந்தவெளியில் 32 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் சுமார் 90 டெசிபல். நம்ம மைதானத்துக்கு இதற்கு மேல் எதற்கு?

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அதைவிட 10 வரை கூடலாம்; எந்தப் பகுதியானாலும் 75-ஐத் தாண்டக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், விழாக்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு அனுமதி தரலாம். சென்னையில் ஒரு சபையின் டிரம்ஸ், கிதார் சத்தம் குறித்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 30.8.2000 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது கோயில், சர்ச், பள்ளிவாசல், கலைவிழா எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஆகவே நண்பர்களே...

மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: இனி பெட்டியின் முதுகைப் படித்து, தொடர் வாட், ஓம், உணர்திறன் மூன்றையும் எழுதி வைத்த பிறகே ஆம்ப் முடிவாக வேண்டும். ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே பெட்டிகளைச் சேர்க்கக் கூடாது. இரண்டு: புதிதாக வாங்குவதானால் பெரிய ஆம்புக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பெட்டிக்குக் கொடுங்கள். மூன்று: அண்ணாச்சியிடம் பிடித்த வாடகையும், காயில் மாற்றிய செலவும் பேரவை நிதியிலிருந்து திருப்பித் தரப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஓம் விதி படிக்காத அவருக்குத் தெரிந்தது, படித்த நமக்குத் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை, தெரியாமல் செய்துவிட்டு, தெரிந்தவரின் கூலியில் கைவைத்தோமே, அதுதான் தப்பு. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்றார்கள் பெரியவர்கள். பெட்டி அறிந்து வாட் கொடுப்போம். முதலில், கடனைக் கொடுப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை