அஞ்சலில் வரும் பட்டம்

தம்பி,

மணமக்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மணவிழா நடத்துவோர் உண்டா? உண்டு! அவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர்.

ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழா நடைபெறுகிறது. அங்கிகள் அணிவகுக்கின்றன. பேருரைகள் முழங்குகின்றன. தொலைநிலைக் கல்வியில் பயின்று தேறியோருள் மேடை ஏறுவோர் யார்? முதலிடம் பெற்றோர், ஆய்வுப் பட்டம் பெற்றோர் எனச் சிலரே. ஏனைய ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு உறையில் இடப்பட்டு, அஞ்சல்காரர் கையில் வீடு வந்து சேருகிறது.

அதிராம்பட்டினத்தை எண்ணிப் பார். காதிர் முகைதீன் கல்லூரி 1955 முதல் அங்கே கல்விப் பணி ஆற்றிவருகிறது. எனினும் கல்லூரி வாசலை மிதிக்க இயலாதார் எத்தனை பேர்! பகலெல்லாம் உப்பளத்தில் வெந்தவன். கடலை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளை. தொட்டிலை ஒரு கையால் ஆட்டி, மறு கையால் ஏட்டைப் புரட்டும் இளந்தாய். வளைகுடா நாட்டில் வேலை முடித்து, நள்ளிரவில் இணையத்தில் பாடம் கேட்பவன். இவர்களுக்காகத்தானே தொலைநிலைக் கல்வி? இவர்கள் கட்டணம் செலுத்தவில்லையா? தேர்வு எழுதவில்லையா?

"வகுப்பில் அமராதவர்க்கு விழா எதற்கு?" என்கின்றனர் சிலர். ஒப்புதல் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டம், கல்லூரியில் அமர்ந்து பெறும் பட்டத்துக்கு நிகர் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. சட்டத்தில் நிகர், சபையில் தாழ்வு! இது என்ன நீதி?

கல்லூரிக்கு வராதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே கதவைத் திறந்தது. ஈழத்தில் ஆசிரியப் பணி புரிந்தவாறே அந்த வழியில் 1920இல் அறிவியல் பட்டம் பெற்றவர் மயில்வாகனனார். அவர்தாம் விபுலானந்த அடிகள்! 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் இயற்றிய யாழ்நூல் 1947இல் நம் காவிரி நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. வகுப்பில் அமராதவர் என்று அவரை ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு? தமிழுக்கன்றோ!

"மண்டபம் போதாது" என்பது அடுத்த சாக்கு. கல்லூரியில் பயின்றவனுக்குப் பல்கலைக்கழக மேடை எட்டாவிட்டாலும், தன் கல்லூரியின் பட்டமளிப்பு விழா உண்டு. தொலைநிலை மாணவனுக்கு அதுவும் இல்லை. மண்டபம் சிறிதென்றால் மண்டபங்களைப் பலவாக்குவதுதானே அறிவுடைமை? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தில்லியில் விழா நடத்தும் நாளில் தன் வட்டார மையங்களிலும் விழா நடத்துகிறது. பிரிட்டனில் 1969இல் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல நகரங்களுக்கும் விழாவைக் கொண்டு செல்கிறது. தில்லிக்கு இயன்றது, பிரிட்டனுக்கு இயன்றது, 2002இல் தமிழ்நாடே நிறுவிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு இயலாதா?

துணைவேந்தரை நியமிப்பவர் யார் என்று உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடினோம். மாநில உரிமைக்கான அந்த வழக்கு தேவையானதே. ஆனால் பட்டம் அளிப்பவரின் அதிகாரத்தைப் பேசிய நாம், பட்டம் பெறுபவரின் மதிப்பையும் பேச வேண்டாவா?

வெறும் அங்கிக்கும் குல்லாவுக்கும் ஏனிந்த ஆரவாரம் என்று நம்மவரே கேட்கக்கூடும். அங்கி நமக்குப் பெரிதன்று, தம்பி. தலைமுறை தலைமுறையாய் ஏட்டைத் தொடாத குடும்பத்தில், மகளின் பெயர் அவையில் ஒலிப்பதைத் தாய் கேட்க வேண்டும். அந்த ஒலி, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் படிக்கத் தூண்டும். சென்னை 300 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தத் தாய் அங்கே வரமாட்டாள். விழா அவளிடம் வரட்டும்!

மாவட்டந்தோறும் விழா, தேறிய அனைவர்க்கும் அழைப்பு, கடல் கடந்து வாழ்வோர்க்கு இணையவழி இடம். இந்த மூன்றையும் தீர்மானமாக்கு. கிளைக் கழகந்தோறும் நிறைவேற்று. சட்டமன்ற உறுப்பினரிடம் கொடு. ஆட்சிமன்றக் குழுவுக்கு அனுப்பு. அனைவர்க்கும் கல்வி என்று முழங்கியவர் நாம். அந்த முழக்கம் விழா மண்டபத்தின் வாசலில் நின்றுவிடலாகாது!