சாத்தான் கட்டிய பாலமாம்!

மத்தியதரைக் கடலோரம், ஸ்பெயின் நாட்டில், தாரகோனா என்றொரு நகரம். ரோமப் பேரரசின் நாளில் தாராக்கோ என்பது அதன் பெயர். கி.மு. 26, 25 ஆம் ஆண்டுகளில் அகஸ்டஸ் மாமன்னன் அங்கே தங்கி ஆணைகள் பிறப்பித்தான். அந்நகரின் இடிபாடுகளை உலக மரபுச் சின்னங்களென்று 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றை நாமும் கண்டு வந்தோம்.

கடலைப் பார்த்தபடி ஓர் அரங்கம். ஏறத்தாழ 14,000 பேர் அமர்ந்து, மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதைக் கண்டு களித்த இடம்! கி.பி. 259 இல் ஃப்ருக்துவோசஸ் என்ற ஆயரையும் துணைவர் இருவரையும் அங்கேதான் உயிரோடு கொளுத்தினர். என்ன குற்றம்? அரசு வணங்கச் சொன்ன தெய்வங்களை வணங்க மறுத்த குற்றம்!

நகருக்கு வடக்கே சுமார் 4 கிலோமீட்டரில், ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த கற்பாலம். உயரம் 27 மீட்டர். கீழடுக்கில் 11 வளைவுகள், மேலடுக்கில் 25. சாந்து பூசாமல், கல்மேல் கல் அடுக்கியே நிறுத்தியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டாக நிற்கிறது!

கட்டியவர் யார்? ஊரார் வைத்த பெயரைக் கேளுங்கள், தோழர்களே: 'சாத்தான் பாலம்'! சாத்தான் வந்து கட்டினானாம். அந்த நீரை முதலில் குடிக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டானாம். ஊரார் ஒரு கழுதையை அனுப்பி ஏமாற்றினார்களாம். வேலை வாங்கிக்கொண்டு கூலியில் கைவைக்கும் பழக்கம், சாத்தானைக்கூட விட்டுவைக்கவில்லை!

உளி பிடித்த கை எங்கே? சாரம் ஏறிய கால் எங்கே? அரங்கில் எரிந்த ஆயருக்குப் பெயர் உண்டு. ஆண்ட அகஸ்டசுக்குப் பெயர் உண்டு. இல்லாத சாத்தானுக்கும் பெயர் உண்டு. கல் சுமந்தவனுக்குத்தான் பெயரில்லை!

ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது. அந்நகருக்கருகே, ரோமர் கால மேதோல் கல்குழி. வெட்டி வெட்டி ஆழமாகிவிட்ட அக்குழியின் நடுவே, சுமார் 16 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறைத் தூண், ஊசிபோல. பாறை முன்பு எவ்வளவு உயரம் இருந்தது என்பதைக் காட்டுவதற்காக வெட்டாமல் விட்ட தூண். அதன் உச்சிவரை நிறைந்திருந்த கல்லையெல்லாம் பெயர்த்தது மந்திரமல்ல, மனிதன் தோள்!

இன்றும் திறப்புவிழாக் கல்லில் திறந்தவர் பெயர் பொறிக்கிறார்கள். மாற்றார் வைக்கும் கல்லாயினும், நாம் வைக்கும் கல்லாயினும், கட்டியவன் பெயரெங்கே என்று கேளுங்கள். கூலி முழுதும் கொடுத்தாயிற்றா என்று அதற்கும் முன்னே கேளுங்கள்!