ஜூன் 5-ல் நட்ட கன்றும் ஒரு கறிவேப்பிலைச் செடியும்

வருஷா வருஷம் ஜூன் 5 வந்தால் உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று பள்ளிக்கூடங்களில் மரக்கன்று நடுகிறார்கள். நீங்களும் நட்டிருப்பீர்கள், நானும் நட்டிருக்கிறேன். நாலு பிள்ளைகள் கன்றைப் பிடித்துக்கொள்ள, சிறப்பு விருந்தினர் கொஞ்சம் மண்ணைத் தள்ள, ஒரு போட்டோ. அதோடு சரி. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் ஜூனில் வெயில் கொளுத்தும். இந்தக் கடலோர மாவட்டங்களுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை, அது வருவதோ அக்டோபரில். நடுவில் இருக்கிற நாலு மாசம் யார் தண்ணீர் ஊற்றுவது? (வாட்ச்மேன் அண்ணன் மனசு வைத்தால் உண்டு.) கன்று காய்ந்துபோனதைப் பார்க்கிற ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை, மரம் நடுவது என்றால் போட்டோ எடுப்பது என்றுதானே நினைத்துக்கொள்ளும்?

என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் மரமே வேண்டாம். அஞ்சு வயசுக்கு ஒரு வாரம் என்பதே பெரிய காலம். வெந்தயத்தை ஊறவைத்துத் தொட்டியில் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப்பார்க்கும். சிறுகீரை ஒரு மாசத்துக்குள் கடைவதற்கு வந்துவிடும். தண்ணீர் ஊற்றுவது முழுக்க அவர்கள் பொறுப்பு. மறந்துவிட்டால் வாடட்டும். நாம் ராத்திரியில் திருட்டுத்தனமாக ஊற்றிக் காப்பாற்றக் கூடாது!

அடுத்தது ஒரு கறிவேப்பிலைச் செடி. நான் சொல்ல வந்த விஷயமே இதில்தான் இருக்கிறது. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி வந்து கறிவேப்பிலைக் கொழுந்தில் முட்டை வைத்துவிட்டுப் போகும். அதிலிருந்து வருகிற புழு சின்னதாக இருக்கும்போது அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். "சித்தி, இது எச்சமா புழுவா?" என்று அக்கா பையன் கேட்டபோது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம்தான். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு வாடையும் வரும். பிள்ளைகளுக்கு இதைவிட என்ன கார்ட்டூன் வேண்டும்?

ஆனால் பெரியவர்கள் என்ன செய்கிறோம்? "ஐயய்யோ, புழு!" என்று மருந்தடித்துவிடுகிறோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகிறோம். தையல்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சியைத்தான். இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற அந்தச் சிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுச் செடிக்கே வரும், புழுவை விட்டுவைத்தால். நான் படிப்பது பி.காம், அதனால் இப்படித்தான் தோன்றுகிறது: தின்ற இலையை நஷ்டக் கணக்கில் மட்டும் எழுதினால் பேரேடு டேலி ஆகாது. எதிர்ப்பக்கத்தில் பட்டாம்பூச்சியும் தையல்சிட்டும் இருக்கின்றன :-) செடி வளர்ப்பதையும் பறவை பார்ப்பதையும் இரண்டு தனித்தனி 'ஆக்டிவிட்டி'யாகப் பிரித்தால் நடுவில் இருக்கிற புழு காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு வியாதி, பெயர் மனப்பாடம். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப் புறா என்று வினாடி வினாவில் டாண் என்று சொல்லுவார்கள். அது காட்டுப் பறவை, அதை நேரில் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? வீட்டு வேப்பமரத்தில் உட்கார்ந்திருக்கிற, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பறவைதான் பெண் குயில் என்பது மட்டும் தெரியாது. அது காக்கா கூட்டில் முட்டையிடும், குயில் குஞ்சுக்குக் காக்காவே இரை ஊட்டும். வெயில் காலத்தில் கொஞ்சம் பொறுமையாக நின்றால் தெருவிலேயே இதைப் பார்க்கலாம். பெயர் பிறகு வரட்டும். முதலில் "அது என்ன பண்ணுது?" என்று கேளுங்கள், போதும்.

பைனாகுலரும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கண்ணில் வைத்துச் சரிசெய்வதற்குள் பறவை பறந்துவிடும். காலையில் மொட்டைமாடியில் கால் மணி நேரம் போதும். 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் குறைந்தபட்சம் 15 நிமிஷம்தான் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்று, கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம், போனில் படம் எடுப்பதற்காகக்கூட.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். பறவைகள் மிரளக் கூடாது என்று அங்கே பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளியன்று வெடி இல்லாமல் இருக்க ஒரு பிள்ளை சம்மதிக்கிறது என்றால் அது சார்ட் பேப்பரில் ஒட்டிய படத்தால் வந்திருக்காது. தினமும் கண்ணெதிரே வந்து உட்கார்கிற பறவைக்காக வந்தது.

கடலோர மாவட்டத்து நண்பர்களே, உங்கள் தம்பி தங்கை படிக்கிற பள்ளியில் யாராவது காது கொடுத்துக் கேட்டால், கன்று நடுகிற விழாவை அக்டோபரில் முதல் மழைக்குப் பிறகு வைக்கச் சொல்லிப் பாருங்கள். அதுவரைக்கும் ஒரு தொட்டி, ஒரு கறிவேப்பிலை. அக்கா வீட்டுச் செடியில் இப்போது காம்பு மட்டும்தான் மிச்சம். ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையிலிருந்துதான் வருகிறது, அக்காவின் புலம்பலோடு.