முடி நட்டாச்சு, தலையைக் கழுவ ஏன் பயப்படுறீங்க?

1/
முடி மாற்று சிகிச்சை செஞ்சவர்கிட்ட "எத்தனை கிராஃப்ட்?"னு கேட்டுப் பாருங்க. 2500, 3000, 4000னு டக்குனு பதில் வரும். "முதல் தடவை தலையைக் கழுவிவிட்டது யாரு, என்னைக்கு?"னு கேளுங்க. முழிப்பாங்க. அந்த முழிப்பைப் பத்தித்தான் இந்த இழை. நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/
முதல்ல நடந்தது என்னன்னு புரிஞ்சுக்கங்க. எஃப்யூஇ முறையில் பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, முன்னால் சின்னத் துளை போட்டு நடுகிறார்கள். 3000 கிராஃப்ட் என்றால் பின்னால் 3000 காயம், முன்னால் 3000 காயம். அங்கிருந்து கசியும் இரத்தமும் நிணநீரும் காய்ந்தால், அதுதான் பொருக்கு.

3/
இவ்வளவு காயத்தை வச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புறாங்க? "பத்து நாளைக்குத் தண்ணியே படக்கூடாது, நட்டது கழண்டுடும்." மாமா சொல்றார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார், சில இடங்கள்ல சிகிச்சை செஞ்ச சென்டரே சொல்லுது. இது தப்பு. சாதாரணத் தப்பு இல்ல, நீங்க காசு கொடுத்து நட்ட முடியையே காவு வாங்குற தப்பு.

4/
2006-ல் பெர்ன்ஸ்டீன், ராஸ்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நட்ட முடியை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்தார்கள். முடியை மட்டும் பிடித்து இழுத்தால், 6-ஆம் நாளுக்கு மேல் வேர் வெளியே வரவில்லை. ஒட்டியிருந்த பொருக்கைப் பிடித்து இழுத்தால், 8-ஆம் நாள் வரை வேர் வரும் ஆபத்து இருந்தது. 9-ஆம் நாளில்தான் அந்த ஆபத்து நீங்கியது.

5/
இதுக்கு என்ன அர்த்தம்? தலையில் பொருக்கு இருக்கும்வரை ஆபத்தான நாட்கள் நீளும். பொருக்கு தடிக்காம பார்த்துக்கிட்டா அது குறையும். பொருக்கைக் கரைக்க தண்ணியும் நுரையும் வேணும். தண்ணியைக் கண்டு பயந்து ஒதுங்குறவர் தலையில் பொருக்கு ஓடு மாதிரி இறுகும், அரிக்கும், தூக்கத்துல நகம் போகும். போச்சு. பின்னந்தலையில் எடுத்த வேர் அங்க திரும்ப முளைக்காது. உங்க கையிருப்பு அவ்வளவுதான்.

6/
சரி, எப்படிக் கழுவணும்? முதல் கழுவல் பெரும்பாலும் 24 மணி நேரத்திலிருந்து 3 நாளுக்குள். உங்க மருத்துவர் சொல்ற நாள்தான் கணக்கு. மென்மையான ஷாம்பூ (பேபி ஷாம்பூ போதும்) கொஞ்சம் எடுத்து மக் தண்ணியில் கலக்கி நுரை வர வைங்க. நுரையை மட்டும் நட்ட இடத்தில் ஒத்தி வைங்க. தேய்க்காதீங்க. சில நிமிஷம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணியை மக்கால மெதுவா ஊத்துங்க. ஷவரை நேரா திருப்பாதீங்க, குழாய்க்கு அடியில தலையை நீட்டாதீங்க. போர்வெல் உப்புத் தண்ணி வேண்டாம், முதல் வாரத்துக்கு வடிகட்டின குடிதண்ணி நல்லது. நட்ட இடத்தில் துண்டு படக்கூடாது, தானா காயட்டும்.

7/
ஒரு வாரம் தாண்டினதும், மருத்துவர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகு, நுரையை 10 நிமிஷம் ஊற விட்டு விரல் நுனியால (நகத்தால இல்ல) வட்டமா மெதுவா தடவுங்க. பொருக்கு தானா உதிரும். 10 முதல் 14 நாளுக்குள்ள தலை சுத்தமாகிடணும். அதுக்கு மேலயும் ஒட்டிக்கிட்டிருந்தா பிச்சு எடுக்காதீங்க, போய்க் காட்டுங்க.

8/
வீட்டு வைத்தியப் பிரியர்களுக்கு: ஆறாத காயத்தின் மேல வெங்காயச் சாறு, கற்றாழை, மஞ்சள், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். சிகைக்காய்த் தூள் உரசும், அதுவும் கொஞ்ச நாள் தள்ளி நிக்கட்டும். கோயில் குளம், கடல், நீச்சல் குளம் ஒரு மாசத்துக்குக் கிடையாது. சிகரெட் தோலுக்குப் போற இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், நிறுத்துங்க. ஹெல்மெட் நட்ட இடத்தை உரசும், அது இல்லாம வண்டி ஓட்டவும் கூடாது. அதனால குறைஞ்சது 10 நாளைக்குப் பஸ்ல போங்க.

9/
பயப்பட வேண்டாதவை: 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாள் வரை நெற்றியும் கண்ணும் வீங்கலாம். இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டும், வேர் உள்ளேதான் இருக்கும். 3, 4 மாதத்தில் புது முடி வரத் தொடங்கும். முழு பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.
உடனே ஓட வேண்டியவை: நாளாக ஆக கூடும் வலி, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், தோல் கருத்துப்போவது. இதை ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க.

10/
இதெல்லாம் ரகசியமா? இல்ல. அப்புறம் ஏன் யாரும் சொல்லித் தர்றதில்ல? கிராஃப்டுக்கு இவ்வளவுன்னு ரேட் போடலாம், தவணையில விக்கலாம். கழுவிவிடுறதுக்கு ரேட் போட முடியாது, அதுக்கு ஆளும் நேரமும் வேணும். அதனால ஒரு பையில ஸ்ப்ரே, ஷாம்பூ, மாத்திரை, வாட்ஸ்அப்புல ஒரு பிடிஎஃப், வணக்கம். மூணாவது நாள் ராத்திரி நீங்க பயந்து போன் பண்ணா எடுக்குறது விற்பனைப் பிரிவுத் தம்பி.

11/
தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவா சொல்லிடுச்சு: பயிலரங்குலயோ யூடியூப்லயோ பார்த்து இந்த சிகிச்சையைக் கத்துக்கிட்டா அது போதுமான பயிற்சி ஆகாது. இது அறுவை சிகிச்சை. அறுவை சிகிச்சைன்னா காயம் ஆறும் வரைக்கும் மருத்துவருக்குப் பொறுப்பு உண்டு. வயித்துல தையல் போட்டவரை "யூடியூப் பார்த்து நீங்களே கட்டு மாத்திக்கங்க"ன்னு அனுப்பினா சும்மா விடுவீங்களா? தலைக்கு மட்டும் ஏன் விடுறீங்க?

12/
"எங்க டாக்டர் மூணு நாள் கழிச்சுத்தான் தண்ணி ஊத்தச் சொன்னார்"னு கமெண்ட் வரும். தாராளமா கேளுங்க அவர் பேச்சை. ஒவ்வொருத்தர் முறையும் கொஞ்சம் மாறும். நாள் சொல்லி, முறை சொல்லி, திரும்ப வரச் சொல்லி அனுப்புறவர்கிட்ட எனக்குச் சண்டையே இல்ல. "தொடாதீங்க"ன்னு ஒத்தை வார்த்தையில கைகழுவுறவங்கதான் என் பிரச்சனை.

13/
முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.
முதல் கழுவலை இங்கேயே செய்து காட்டுவீங்களா?
10-ஆம் நாள் தலையைப் பார்க்கப்போறது யாரு?
ராத்திரி போன் பண்ணா எந்த மருத்துவர் எடுப்பார்?
இதெல்லாம் கட்டணத்தில் அடக்கமா?
நாலுக்கும் நேர் பதில் வரலைன்னா, எத்தனை ஆயிரம் கிராஃப்ட் இலவசம்னு சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. முடி இல்லாம வாழ்ந்துடலாம், சீழ் பிடிச்ச தலையோட ஒரு ராத்திரி கூட தூங்க முடியாது.