சட்டத்துக்குள் போகும் பூத்தையல்

நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்படைத்த பிறகு, கிடங்கில் அதற்கு நேரும் கேட்டுக்காக நெய்தவரிடம் கூலி பிடிப்பது நியாயமாகாது. எந்த நெசவாளர் சங்கத்தின் பொதுக்குழுவிலும் இதை ஒருவர் எழுந்து விளக்க வேண்டியதில்லை. ஆனால் பூத்தையல் செய்யும் பெண்களின் விஷயத்தில் இந்த நியாயம் ஏனோ மறந்துபோகிறது. அவர்கள் தைத்துக் கொடுத்த துணி கண்ணாடிச் சட்டத்துக்குள் சென்று, விற்பனையாகி, சில மாதங்களில் சுருங்கியோ கறைபட்டோ திரும்பி வருமானால், பதிவேட்டில் ‘தையல் குறை’ என்று எழுதப்படுகிறது. அடுத்த பட்டுவாடாவில் கூலி குறைகிறது. குறை தைத்தவருடையதா, சட்டம் போட்டவருடையதா என்று கழற்றிப் பார்ப்பவர் அரியர்.

ஒரு சங்கத்தில் ஆய்வுக்குச் சென்றபோது, அவ்வாறு திரும்பி வந்த சிலவற்றை நாம் காரியதரிசியின் முன்னிலையில் கழற்றச் செய்தோம். தையலில் ஒரு கண்ணி கூடப் பிசகவில்லை. துணியின் பின்புறம் முழுவதும் வெள்ளைப் பசை தடவி, மலிவான சாம்பல் நிற அட்டையில் ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து இறுகிய இடங்களில் துணி பலகைபோல் விறைத்திருந்தது. பசை படாத இடங்களில் கொப்புளமாக எழும்பியிருந்தது. கண்ணாடி நேராகத் தையலின்மீது அழுத்தி, கம்பளி நூல் நசுங்கிக் கிடந்தது. ஓரத்தில் அடித்த ஸ்டேப்பிள் கம்பிகள் துருப்பிடித்து, செந்நிறப் புள்ளிகள் முன்பக்கம் வரை ஊறியிருந்தன. இவை அனைத்துக்கும் கூலி இழந்தவர் தைத்த பெண்மணி. சட்டக்காரரின் பட்டியலோ முழுத்தொகைக்கும் பைசல் செய்யப்பட்டிருந்தது!

சட்டக்காரரைக் குறைகூறுவதிலும் ஓர் எல்லை உண்டு. நம் ஊர்களில் கோயில் வீதிகளிலும் கடைத்தெருக்களிலும் படம் போடும் கடை வைத்திருப்போர் கற்ற தொழில் பெரும்பாலும் காகிதப் படத்துக்கு உரியது. அச்சிட்ட சுவாமி படத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, பின்னால் அட்டை கொடுத்து, ஆணி அடித்து, காகிதம் ஒட்டி மூடுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. கேடு வந்தால் படத்தை மாற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். துணியோ காகிதமன்று. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் விடும், அதற்கேற்ப நீளும், சுருங்கும். அதைப் பசையால் கட்டிப்போட்டால் சுருக்கம் விழாமல் வேறென்ன செய்யும்? கண்ணாடியின் உட்புறத்தில் குளிர்காலத்தில் படியும் ஈரம், இடைவெளி இல்லாவிடில், நேரே நூலில் இறங்கிப் பூஞ்சணமாகிறது. சாதாரண அட்டையிலுள்ள அமிலம் நாளடைவில் துணியைப் பழுப்பாக்குகிறது. மைதாப் பசை தடவியிருந்தாலோ, இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததுபோலாகும்.

நம் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் படங்களை மேற்புறம் முன்னே சாயுமாறு மாட்டுவார்கள். சுவரின் ஈரம் படத்தின் முதுகில் ஏறாமல் காற்றோட்டம் இருக்க அது பயன்பட்டது. சிட்டுக்குருவி கூடு கட்டும் என்பது வேறு சங்கதி. ‘நல்வரவு’ என்று தைத்துத் தொங்கவிட்ட துணிகள் சில வீடுகளில் இன்றும் நிறம் கெடாதிருப்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீலகிரியில் தோடர் பெண்கள் செய்யும் பூத்தையலை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணித் தைக்கிறார்கள். அத்தகைய வேலையில் இழை ஒரு பக்கம் சாய்ந்தால் கோலம் முழுவதும் சாயும். தறியில் பாவு ஒரு பக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்த நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேலும், கரடாகத் தோன்றும் மறுபுறத்தையே தோடர்கள் மேல்புறமாகக் கொள்வர். இதை அறியாத சட்டக்காரர் வழவழப்பான பக்கத்தை முன்னே வைத்து, அவர்கள் முகமாகக் கருதுவதைப் பசையில் அமிழ்த்திவிடக்கூடும். எந்தப் பக்கம் முகம் என்று தைத்தவரைக் கேட்பதற்கு ஒரு காசு செலவில்லை.

செய்யவேண்டிய முறை கடினமானதன்று. துணியை ஒட்டலாகாது, கட்டவேண்டும். அமிலமற்ற கெட்டி அட்டையை அளவாக வெட்டி, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியால் அதை மூடி, அதன்மேல் தையலைப் பரப்பி, இழை நேராக இருக்கிறதா என்று பார்த்து, நான்கு பக்க நடுவிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி, நடுவிலிருந்து மூலைகளை நோக்கிக் குத்திக்கொண்டே போகவேண்டும். பிறகு மடித்த ஓரங்களைப் பின்புறத்தில் எதிர் எதிராக, கட்டிலுக்குக் கயிறு பின்னுவதுபோல், உறுதியான பருத்தி நூலால் இழுத்துக் கட்டி, ஊசிகளை எடுத்துவிடவேண்டும். இழுப்பு, துணி தட்டையாக நிற்கும் அளவுக்குப் போதும். அதற்கு மேல் இழுத்தால் கோலம் விரியும். கண்ணாடிக்கும் தையலுக்கும் நடுவே கால் அங்குலமாவது இடம் விட, நான்கு ஓரத்திலும் அட்டைச் சுற்றோ மறைவான சிறு கட்டையோ கொடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

இவ்வேலையில் பாதி ஊசியும் நூலும் கொண்டு செய்வது. ஆகவே நாம் வற்புறுத்துவது இது: அட்டையில் கட்டும் வேலையைச் சங்கத்துப் பெண்களிடமே, தனிக் கூலி நிர்ணயித்துக் கொடுத்துவிடவேண்டும். சட்டக்காரருக்கு மரமும் கண்ணாடியும் மட்டும் போதும். துணியின் குணத்தை அறிந்த கை துணியைத் தொடட்டும். வருமானமும் சங்கத்துக்குள்ளேயே நிற்கும்.

இதற்குக் காரியதரிசிகள் சொல்லும் மறுப்பு நமக்குத் தெரியும். செலவு கூடுகிறது, வாங்குபவர் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை, குறைந்த விலைப்புள்ளியை விட்டுக் கூடிய விலைக்கு வேலை கொடுத்தால் தணிக்கையில் ஆட்சேபம் வரும் என்பார்கள். விலைப்புள்ளி கேட்கும் முறையைக் காக்கவேண்டிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் நாம். அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் ‘கண்ணாடியுடன் சட்டம், இன்ன அளவு’ என்று ஒரே வரியில் விலை கேட்டால், பசைக்காரர்தான் குறைந்த விலை சொல்வார். எந்த அட்டை, எவ்வளவு இடைவெளி, பசையும் ஸ்டேப்பிளும் துணியில் படலாகாது என்ற நிபந்தனைகளை எழுதிவிட்டு விலை கேட்டால், எல்லோரும் ஒரே வேலைக்கு விலை சொன்னவர்களாவார்கள். அப்போது குறைந்ததை ஏற்பதில் தோஷமில்லை. சரக்கு வந்ததும் ஒன்றையாவது பின்னால் கழற்றிப் பார்த்த பிறகே பட்டியலைப் பைசல் செய்யவேண்டும்.

சங்கத்தின் மீதே சாரும் பிழையும் ஒன்று உண்டு. துணியை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, தையலின் விளிம்போடு அளந்து கொடுக்கிறார்கள். மடித்துக் கட்டுவதற்குச் சுற்றிலும் மூன்று அங்குலம் இல்லாவிட்டால், நல்ல சட்டக்காரரும் ஒட்டத்தான் வேண்டியிருக்கும். அந்த மூன்று அங்குலத் துணியின் விலையைவிட, திரும்பி வரும் ஒரு படத்தின் நஷ்டம் அதிகம்.

ஏற்கெனவே கெட்டு வந்தவற்றை என்ன செய்வது? முதலில், அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. மெத்தென்ற துணிமேல் முகம் கீழாக வைத்து, மூடிய காகிதத்தை வெட்டி, ஆணிகளைக் குறடால் பிடுங்கி, கண்ணாடியைத் தனியே எடுக்கவேண்டும். வெள்ளைப் பசை எளிதில் விடாது. துணியை அட்டையிலிருந்து உரிப்பதற்குப் பதில், பின்னாலிருந்து அட்டையை அடுக்கடுக்காக உரித்து மெலியச் செய்வது மேல். மைதாப் பசையாயின் சிறிது ஈரத்தில் இளகும். ஆனால் ஈரம் காட்டுமுன், நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிற நூலின்மேலும் ஒற்றிப் பார்த்தாக வேண்டும். சிவப்பு சாயம் விட்டால் தண்ணீரே ஆகாது. துருப் புள்ளிக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்ப்பது வீட்டு வழக்கம். சாய நூலில் அதைச் செய்து உள்ளதையும் கெடுக்கவேண்டாம். அட்டையின் பழுப்பு முழுதும் நீங்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அத்தகையவற்றைப் பழுதுள்ளதென்று தெரிவித்துக் குறைந்த விலைக்கே விற்கவேண்டும்.

அந்த நஷ்டத்தை எழுதவேண்டிய இடம் சட்டம் போட்ட செலவுக் கணக்கு. நிபந்தனை எழுதியிருந்தால் சட்டக்காரரிடம் வசூலிக்கலாம். எழுதாதிருந்தால் சங்கம் ஏற்கவேண்டும். ‘தையல் குறை’ என்று ஏற்கெனவே பிடித்த தொகைகளை, சரக்கிருப்பில் கிடக்கும் படங்களைக் கழற்றிப் பார்த்து, தையலில் குறை காணப்படாதவற்றுக்கு நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு அந்தந்த அங்கத்தினர் பெயரில் திரும்ப வரவு வைக்கவேண்டும். அடுத்த ஆய்வில் நாம் முதலில் கேட்கப்போவது அந்தப் பதிவேட்டைத்தான்.